சும்மா எடுத்துக் கொடுத்த படங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் பிரியாணி, நெய் ரோஸ்ட், சால்னா எல்லாம் வரும். அதனால் சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது ஒன்றாம் வகுப்பு போகிற குழந்தை இருக்கிறது. காபி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாலும் இப்படித்தான் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஓட்டலுக்கெல்லாம் சும்மா போட்டோ எடுத்துக் கொடுக்கறதைக் கொஞ்சம் நிறுத்திக்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படி ஓட்டல் சாப்பாட்டைப் படம் எடுக்கப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பூந்தமல்லிப் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் 31 வருடம் இடைநிலை ஆசிரியையாக இருந்து, 2019 மே மாதம் ஓய்வு பெற்றேன். வீடு அம்பத்தூர் ஓ.டி. படம் எடுக்கிற ஆசை அப்பாவிடமிருந்து வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்தவர், ஒரு அக்ஃபா கிளிக் 3 கேமரா வைத்திருந்தார். 120 ரோல் போட்டால் 12 படம்தான். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம் வாங்கி வருவார். ஒரு ரோல் பொங்கலில் போட்டால் தீபாவளி வரைக்கும் வரும். "எடுக்கறதுக்கு முன்னாடி நல்லா பாரு, அமுக்குன அப்புறம் பாக்காதே" என்பார். டிஜிட்டல் கேமராவிலும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

ஓய்வுக்குப் பிறகு மகன் தன் பழைய கேமராவைக் கொடுத்தான். பூ, பூனை, மொட்டை மாடி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயம், எஸ்டேட் பக்கம் மெஸ் நடத்தும் அம்மா ஒருவர், வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப்பில் தன் கடையைச் சேர்த்தார். அதில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் படம் வேண்டும். ராத்திரி ட்யூப் லைட் வெளிச்சத்தில் அவரே போனில் எடுத்திருந்தார். சாம்பார் சிமெண்ட் கரைசல் மாதிரி இருந்தது. கை மணத்துக்குப் பெயர் போன அம்மா அவர். எனக்கு மனசு பொறுக்கவில்லை. "நான் எடுத்துத் தரேன்மா" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

படங்களை மாற்றிய வாரத்திலிருந்து ஆர்டர் கூடியதாக அந்த அம்மா ஊரெல்லாம் சொன்னார். அடுத்து ஆவடி செக்போஸ்ட் பக்கம் ஒரு பிரியாணிக் கடை. அப்புறம் திருமுல்லைவாயலில் ஒரு டிபன் சென்டர். மூன்று வருடத்தில் பதினொரு கடை. யாரிடமும் பைசா வாங்கியதில்லை. "ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க" என்பேன். ஒரு பார்சல் கட்டித் தருவார்கள். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, "உனக்குச் சம்பளம் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

இந்த வேலையில் ஒரு ருசி இருக்கிறது. கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், வீட்டில் சமைப்பதைப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கும் உதவும்.

முதல் விஷயம் வெளிச்சம். கடைக்குள் ட்யூப் லைட் ஒரு நிறம், மஞ்சள் பல்ப் ஒரு நிறம், வாசலிலிருந்து வரும் பகல் வெளிச்சம் ஒரு நிறம். மூன்றும் ஒரே தட்டில் விழுந்தால் தேங்காய்ச் சட்னிக்குக் காமாலை வந்துவிடும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, தட்டை ஜன்னல் ஓரமாகவோ வாசல் ஓரமாகவோ வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வெயில் நேராக விழக் கூடாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வர வேண்டும். அப்போதுதான் பிரியாணியில் அரிசி தனித்தனியாகத் தெரியும், சால்னாவின் எண்ணெய் மினுக்கும். எதிர்ப்பக்கம் நிழல் கறுத்தால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் போதும். விலை முப்பது நாற்பது ரூபாய்.

இரண்டாவது நேரம். நெய் ரோஸ்ட் கல்லிலிருந்து வந்து ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும். சாம்பார் ஆற ஆற மேலே ஆடை படியும். சட்னி ஓரம் காய்ந்து வெடிக்கும். அதனால் முதலில் காலித் தட்டை வைத்து எல்லாம் சரிபார்த்துக்கொண்டு, அப்புறம்தான் மாஸ்டரிடம் "ஊத்துங்க" என்று சொல்ல வேண்டும். இட்லி ஆவி படத்தில் தெரிய வேண்டுமென்றால் பின்னால் இருட்டான துணி வேண்டும், வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

மூன்றாவது கோணம். இலைச் சாப்பாட்டை நேர் மேலிருந்து எடுக்கலாம். கிண்ணத்தில் இருப்பதை, நாம் உட்கார்ந்து பார்க்கிற கோணத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும். அடுக்கி வைத்த பரோட்டாவை அதன் மட்டத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் ரசித்துச் செய்துகொண்டிருந்தேன். யாருக்கும் கெடுதல் செய்கிறோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவன் சொன்னான்.

"நான் இதைத்தான் தொழிலா பண்றேன் டீச்சர். கல்யாண போட்டோகிராபர்கிட்ட ஆறு வருஷம் அசிஸ்டென்ட்டா இருந்துட்டு, இப்பதான் தனியா ஓட்டலுக்கு எடுக்கறேன். ஆவடி பிரியாணிக் கடையில இருபது அயிட்டத்துக்கு மூவாயிரம் சொல்லியிருந்தேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. மறுபடியும் போனா, ஒரு டீச்சரம்மா சும்மாவே எடுத்துக் கொடுத்துட்டாங்க, நீ மூவாயிரம் கேக்கறியேன்னு சிரிக்கறாரு. இந்த வருஷம் இது மூணாவது கடை."

"கஷ்டப்படற கடைக்காரங்களுக்கு உதவி பண்றது தப்பாப்பா?"

"தப்பு இல்ல டீச்சர். உங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. எனக்கு வராது."

அதற்கு மேல் அவன் ஒன்றும் பேசவில்லை. ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். எனக்குக் கோபம் தணியவில்லை. அ, ஆ சொல்லிக் கொடுத்தவளிடமே கணக்குக் கேட்கிறானே என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவன் சொன்ன கணக்கு சரியா தப்பான்னு போட்டுப் பாரேன்" என்றார்.

போட்டுப் பார்த்தேன். மறுநாள் அவனுக்கே போன் செய்து விவரம் கேட்டு, நோட்டில் எழுதினேன்.

கேமராவும் லென்ஸும் ரூ.1,20,000. நாலு வருடம் உழைக்கும் என்றால் மாதத்துக்கு ரூ.2,500. லைட், டிரைபாட் வகையறா ரூ.24,000, அதே நாலு வருடத்துக்கு மாதம் ரூ.500. லேப்டாப் ரூ.60,000, ஐந்து வருடத்துக்கு மாதம் ரூ.1,000. எடிட்டிங் சாஃப்ட்வேர், நெட், போன் ரூ.1,000. பெட்ரோல் ரூ.2,000. கூட்டினால் மாதம் ரூ.7,000. நல்ல மாதமாக இருந்தால் ஏழு கடை கிடைக்கும். அப்படியானால் ஒரு கடைக்கு ரூ.1,000 செலவு, அவன் கூலி சேராமலே.

கூலிக்கு வருவோம். போய்ப் பேசுவது, பாக்கி வசூலிக்க அலைவது அரை நாள். படம் எடுப்பது அரை நாள். எடிட்டிங் ஒரு நாள். மொத்தம் இரண்டு நாள். எங்கள் வீட்டுச் சுவர் பூச வந்த கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரம் கொடுத்தோம். அதே கூலி என்று வைத்தாலும் இரண்டாயிரம். செலவு ஆயிரம், கூலி இரண்டாயிரம், ஆக மூவாயிரம். அவன் கேட்ட தொகை அதேதான். ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை.

ஏழு கடை கிடைத்தால் ரூ.21,000. செலவு போக ரூ.14,000. அதில்தான் வீட்டு வாடகை, பிள்ளையின் ஃபீஸ் எல்லாம். ஒரு மாதத்தில் மூன்று கடை கைநழுவினால் வருவது ரூ.12,000. கேமரா தவணை அதற்காகக் குறையாது. கையில் நிற்பது ஏறக்குறைய ரூ.5,000. அந்த வருடத்தில் அவன் கைநழுவவிட்ட மூன்று கடையும் என்னால் போனவை.

அந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. மறக்க வேண்டும் என்று மூடி வைத்திருந்தது திறந்துகொண்டது.

நான் 1980-ல் ப்ளஸ் டூ முதல் செட். ஆசிரியர் பயிற்சி முடித்தது 1982. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூப்பு வரிசைக்காகக் காத்திருந்தேன். அரசு வேலைக்கான உத்தரவு வந்தது 1988-ல். நடுவில் ஆறு வருடம் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் வேலை. மாதம் 175 ரூபாய். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம், ஐம்பது ரூபாய் கூட்டிக் கொடுங்கள் என்று தாளாளரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தங்க சும்மாவே வந்து கிளாஸ் எடுக்கறேன்னு சொல்லிட்டிருக்காங்க. சேவை மனப்பான்மைன்னா அதும்மா."

அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு யோசித்தால், அவர் நல்லவராகத்தான் இருந்திருப்பார். வீட்டில் பொழுது போகாமல் இருந்திருக்கும். பிள்ளைகள் என்றால் உயிராக இருந்திருக்கும். தன் பெயரைச் சொல்லி ஒரு இருபத்து நாலு வயதுப் பெண்ணின் ஐம்பது ரூபாயை ஒருவர் மறுப்பார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கும்தான் தெரியவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கொரட்டூரில் மாடி போர்ஷன். "உன் கணக்கு சரிப்பா" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "நூத்துக்கு எவ்வளவு டீச்சர்?" என்றான்.

அதன் பிறகு, கைநழுவிய மூன்று கடைக்கும் நானே போனேன். இனிமேல் புது மெனு போட்டால் இந்தத் தம்பிதான் எடுப்பார், மூவாயிரம் ஆகும் என்றேன். எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. பிரியாணிக் கடைக்காரர் சரி என்றார். ஒரு கடையில் பேரம் பேசி இரண்டாயிரத்து ஐநூறுக்கு முடிந்தது. இன்னொருவர், "நீங்க எடுத்தா எடுங்க, இல்லேன்னா என் அக்கா பையன் போன்ல எடுத்துடுவான்" என்றார். அந்தப் பையன்தான் எடுத்தான். அந்தக் கடையில் எனக்கு இப்போதெல்லாம் பழைய உபசரிப்பு இல்லை.

பிரியாணிக் கடையில் அவன் எடுக்கும்போது தெர்மாகோல் பிடிக்க நானும் போனேன். நான் மூன்று வருடம் செய்ததற்கும் அவன் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் தனித்தனியாக அழகு பார்த்து எடுப்பேன். அவன் இருபது தட்டும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே ஓரம் வருகிற மாதிரி எடுத்தான். போன் திரையில் இருபது படம் அடுத்தடுத்து வரும்போது ஒரே கடையின் சாப்பாடு என்று தெரிய வேண்டுமாம். மாஸ்டரின் வேலை கெடாமல், மதியக் கூட்டம் வருவதற்குள், பத்திலிருந்து பன்னிரண்டரைக்குள் முடித்தான். நான் இரண்டு நாள் போய் வந்திருப்பேன்.

கடைக்காரர் அரை பிளேட்டில் மூன்று லெக் பீஸ் வைக்கச் சொன்னார். அவன் மாட்டேன் என்றான். "ஒரு பீஸ் கொடுக்கறீங்க, ஒரு பீஸ்தான் படத்துல இருக்கணும். இல்லேன்னா வாங்கறவர் உங்களைத்தான் திட்டுவார்." திரும்பி வரும்போது அமெரிக்கக் கதை ஒன்று சொன்னான். 1960-களின் கடைசியில் கேம்ப்பெல் என்ற சூப் கம்பெனி, விளம்பரத்துக்காகச் சூப் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டு போட்டுவிட்டதாம். காய்கறியெல்லாம் மேலே வந்து, சூப் நிறையக் காய் இருப்பதுபோலத் தெரிந்ததாம். அரசு வணிக ஆணையம் கையைப் பிடித்தது. நம் ஊரிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் உண்டு.

நானும் என் பங்குக்கு இரண்டு விஷயம் செய்தேன். இலைச் சாப்பாட்டுப் படம் ஒன்றை, மெனுவில் அழகாக உட்காரட்டும் என்று கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பியிருந்தான். இலை நுனி வலது பக்கம் போய்விட்டது. "டேய், இதை எந்த வீட்டு விசேஷத்துக்கு எடுத்தே?" என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றினான்.

இரண்டாவது, ஒப்பந்தக் காகிதம். அவன் எடுத்த படத்தைப் பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் தன் ஃபிளெக்ஸில் போட்டுவிட்டார். "என் படம்" என்று இவன் சண்டைக்குப் போக இருந்தான். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைக் காட்டினார். ஒருவர் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். படம் இவனுடையது என்று இவன் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கடைக்காரருடையது. வேடிக்கை என்னவென்றால், நான் காசு வாங்காமல் எடுத்த பதினொரு கடைப் படங்களுக்கும் நானே உரிமையாளராம். சும்மா எடுத்தவளுக்கு உரிமை, உழைத்து எடுத்தவனுக்கு இல்லை.

அதனால் ஒரு பக்கத்தில் தமிழில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன். எத்தனை அயிட்டம், பாதிப் பணம் முன்பணம், எத்தனை முறை திருத்தித் தருவான், கடை அந்தப் படங்களை எங்கெங்கே போடலாம், உரிமை யாருக்கு, தன் வேலைக்கு மாதிரியாக அவன் காட்டிக்கொள்ளலாமா. ஆறே வரி. கேள்வித்தாள் எழுதிய கைக்கு இது பெரிய வேலையா?

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் இன்பாக்ஸில், "ஆரம்பத்தில் இலவசமாகச் செய்தால்தானே ஆள் தெரியும்?" என்று கேட்கிறார்கள். அவனிடம் கேட்டுச் சொல்கிறேன். பழகுவதற்குக் கடைக்காரர் தேவையில்லை. கடையில் இரண்டு அயிட்டம் வாங்கி வந்து, வீட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுங்கள். பத்து நல்ல படம் சேர்ந்ததும், கூட்டம் இல்லாத மூன்று மணி வாக்கில் கடைக்குப் போய், உரிமையாளரிடமே காட்டுங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரே ஒரு அயிட்டம் இலவசமாக எடுத்துக் காட்டலாம். மெனு முழுக்க இலவசம் கூடாது. முதல் நாளே சும்மா கொடுத்தவனை இரண்டாவது முறையும் சும்மாதான் கூப்பிடுவார்கள்.

என்னைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு நேரம் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தையல், டியூஷன், கணக்கு எழுதுவது, மொழிபெயர்ப்பு, படம் எடுப்பது, எதுவாகவும் இருக்கட்டும். உதவி செய்யப் போகும் முன், இதே வேலையைச் செய்து அடுப்பு எரிகிறவர் நம் தெருவில் யாராவது இருக்கிறாரா என்று ஒரு முறை விசாரியுங்கள். இருந்தால் அவரை அனுப்பி வையுங்கள். கடைக்காரரிடம் நிஜமாகவே காசு இல்லை என்றால், அந்தக் கூலியில் ஒரு பங்கை நாமே கொடுக்கலாம். மெஸ் அம்மாவுக்குப் போன மாதம் அப்படித்தான் செய்தேன்.

பிரியாணிக் கடை வேலை முடிந்த அன்று அவன் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை என் கையில் வைத்தான். அசிஸ்டென்ட் கூலியாம். வேண்டாம்ப்பா என்று வாய் வரைக்கும் வந்தது.

"வாங்கலைன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டேன் டீச்சர்" என்றான்.

வாங்கிக்கொண்டேன். வருகிற வியாழக்கிழமை பட்டாபிராமில் ஒரு டிபன் கடை. ஒன்பது மணிக்கு வண்டியில் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். புதுத் தெர்மாகோல் வாங்க வேண்டும், பழையதில் சால்னா கொட்டிவிட்டது.